ஹோட்டலில் வாசித்தவர்: ஜே.டி. க்ரோவை ஏன் கேட்கச் சொல்கிறார்கள்?

என்னிடம் வந்த கேள்வி இது: "பாஞ்சோ கற்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. ஏர்ல் ஸ்க்ரக்ஸைக் கேட்டாயிற்று. அடுத்து ஜே.டி. க்ரோவைக் கேள் என்கிறார்கள். தேடிப் பார்த்தால், லெக்சிங்டன் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் வருடக்கணக்காக வாசித்தவர் என்று வருகிறது. ஊரே பாடும் பாட்டு எதுவும் அவர் பெயரில் இல்லை. பெரிய வேகக்காரராகவும் தெரியவில்லை. அப்படி என்ன இருக்கிறது அவரிடம்?"

அந்த ஹோட்டலில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் நேரே அங்கே போனால் புரியாது. கொஞ்சம் சுற்றித்தான் போகவேண்டும்.

ஜேம்ஸ் டீ க்ரோ பிறந்தது 1937 ஆகஸ்ட் 27 அன்று, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரத்தில். அந்த ஊரைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்குப் பெயரே 'ப்ளூகிராஸ்'. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் செழிக்கும் ஒரு புல், அதை மேயும் பந்தயக் குதிரைகள், நீளநீளமாக வேலி போட்ட பண்ணைகள். இதுதான் அந்த ஊர்ப்பக்கம். வேடிக்கை என்னவென்றால், பாஞ்சோ, ஃபிடில், மேண்டலின், கிட்டார் என்று தந்தி வாத்தியங்களோடு பாடும் ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை அங்கே பிறக்கவில்லை. அதற்கு உருவம் கொடுத்த பில் மன்றோ, மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ரோசீன் என்ற சிற்றூர்க்காரர். மாநிலத்துக்கு இருந்த செல்லப்பெயரை எடுத்துத் தன் குழுவுக்கு 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்று வைத்தார். குழுவின் பெயரே பின்னாளில் இசைக்கும் பெயராகிவிட்டது. புல் ஒரு பக்கம், இசை இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் க்ரோ. அந்த வட்டாரத்திலேயே பிறந்தார், அங்கேயே வீடு வைத்துக்கொண்டார், கடைசிவரை அங்கேயே இருந்தார்.

ஸ்க்ரக்ஸைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். படிக்கும் மற்றவர்களுக்காக நாலு வரி. அவர் 1945 டிசம்பரில் மன்றோவின் குழுவில் சேர்ந்தபோது பாஞ்சோ மதிப்பிழந்து கிடந்த வாத்தியம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் செய்து வாசித்தது அது. பிறகு முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய வெள்ளைக்காரர்களின் மேடைக்குப் போனது. கடைசியில் கிராமியக் குழுக்களில் கோமாளி வேஷக்காரர் கையில் இருக்கும் சாமானாக நின்றுவிட்டது. வட கரோலினாவில் மூன்று விரலால் வாசிக்கும் பழக்கம் முன்பே உண்டு; ஸ்க்ரக்ஸ் கண்டுபிடித்தது அல்ல. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் பிக் (தந்தியை மீட்டும் செயற்கை நகம்) மாட்டிக்கொண்டு, ஸ்வரங்களை இடைவெளியே இல்லாமல் உருட்டி, அதற்குள் மெட்டையும் தெளிவாகக் கேட்கவைத்தது அவர்தான். அந்த உருட்டலுக்கு 'ரோல்' என்று பெயர். ஒரு தாளச் சுற்றுக்கு எட்டு ஸ்வரம், விரலோ மூன்று. அதனால் எட்டு என்பது 3, 3, 2 என்று உடைகிறது. நம் வாயால் சொன்னால் தகிட தகிட தக. பாஞ்சோ கேட்கும்போது உடம்பு தானாக ஆடுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கு. மீதிப் பாதி, கழுத்தின் பாதியில், ஐந்தாவது பிரெட்டில் (வீணையில் மெட்டு என்போமே, அந்தக் கம்பி) தொடங்கும் அந்தக் குட்டைத் தந்தி. கட்டைவிரல் அதைத் தொட்டுத் தொட்டுப் போவதால் சுருதி உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

மன்றோவை விட்டு 1948இல் விலகிய லெஸ்டர் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் தங்கள் சொந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு வானொலி நிலையத்தையும் ஒட்டிக் கொஞ்ச காலம் தங்கி வாசித்தார்கள். அப்படி லெக்சிங்டனுக்கும் வந்தார்கள். 1949இல் க்ரோவுக்கு 12 வயது. உள்ளூர் மேடை நிகழ்ச்சி ஒன்றில் ஸ்க்ரக்ஸைப் பார்த்தார். அவ்வளவுதான், பையன் வேறு எதற்கும் உதவாமல் போனான். அவர்கள் அந்த ஊரில் இருந்தவரை கச்சேரிக்குக் கச்சேரி போய் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இன்று நமக்கு ஒரு காணொளியைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அவருக்கு இருந்தது கண்ணும், மறுநாள் வரை நீடித்த ஞாபகமும்தான். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்க்ரக்ஸைப் பின்பற்றிய தலைமுறையில் பெரும்பாலோர் இசைத்தட்டைத் தேய்த்துக் கேட்டுக் கற்றவர்கள். க்ரோ அந்தக் கையையே கிட்டத்தில் பார்த்தவர். ஸ்வரம் எது என்பது தட்டிலும் கிடைக்கும். எவ்வளவு அழுத்தம், கை எங்கே நிற்கிறது, எப்போது சும்மா இருக்கிறது என்பதெல்லாம் கிட்டத்தில் இருந்தால்தான் கிடைக்கும்.

அடுத்த ஆசான் ஜிம்மி மார்ட்டின். டென்னஸியின் ஸ்னீட்வில் ஊர்க்காரர், மன்றோவிடம் பாடிக்கொண்டிருந்தவர், தனிக் குழு தொடங்கியிருந்தார். காரில் லெக்சிங்டனைக் கடக்கும்போது வானொலியில் ஒரு பாஞ்சோ கேட்டு, வண்டியை நேரே நிலையத்துக்குத் திருப்பி, அந்தப் பையனைத் தன்னோடு வரச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. பையன் அப்போது பள்ளி முடிக்காதவன். விடுமுறையில் மட்டும் போய் வாசித்துவிட்டு, 1956இல் முழுநேரமாகச் சேர்ந்தார். முதலில் டெட்ராய்ட், பிறகு லூயிசியானாவில் ஷ்ரீவ்போர்ட்டின் புகழ்பெற்ற 'லூயிசியானா ஹேரைட்' வானொலி மேடை, அப்புறம் மேற்கு வர்ஜீனியாவில் வீலிங்.

ஆண்டைக் கவனியுங்கள். 1956 என்பது எல்விஸ் வெடித்த ஆண்டு. அவர் வளர்ந்ததும் அதே ஹேரைட் மேடையில்தான். ராக் அண்ட் ரோல் வந்ததும் கிராமிய இசைக் குழுக்கள் பலவற்றுக்குச் சோற்றுக்கே திண்டாட்டம். பாஞ்சோவை மூட்டை கட்டியவர்கள் நிறைய. க்ரோ என்ன செய்தார் என்றால், அந்தப் புது இசையையும் ரசித்துக் கேட்டார். ப்ளூஸும் ஃபேட்ஸ் டோமினோவின் பியானோவும் அவர் காதில் ஏறின. தந்தியை இழுத்து வளைத்து ஸ்வரத்தைக் கொஞ்சம் அழவைப்பது, தாளத்துக்கு ஒரு இம்மி பின்னால் சாய்ந்து உட்காருவது போன்ற குணங்கள் அவர் வாசிப்பில் சேர்ந்தன. ரோல் ஸ்க்ரக்ஸுடையது, சாய்வு இவருடையது.

மார்ட்டின் தாளத்தில் ஈவிரக்கம் இல்லாதவர். குணத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் என்பார்கள். அவருடைய கிட்டார் தாளம் ஒரு சம்மட்டி மாதிரி. பக்கத்தில் நிற்கும் பாஞ்சோ ஓடவும் கூடாது, தேங்கவும் கூடாது. நம் பாட்டு வாத்தியார்கள் காலப்பிரமாணம் என்பார்களே, எடுத்த காலத்தை விடாமல் நிறுத்துவது, அதைத்தான் மார்ட்டின் நாலைந்து வருடம் தேய்த்துத் தேய்த்து க்ரோவின் கைக்குள் இறக்கினார். கூடவே குரலும். ப்ளூகிராஸில் மூன்று குரல் சேர்ந்து பாடுவது வழக்கம்: நடுவில் பாட்டின் மெட்டு, மேலே டெனர், கீழே பாரிடோன். மார்ட்டின் மெட்டு, பால் வில்லியம்ஸ் டெனர், க்ரோ பாரிடோன். அந்த மூவரும் 1950களின் கடைசியில் பதிவு செய்தவற்றை இன்றும் மூன்று குரல் பாட்டுக்கு மாதிரியாக வைத்துக் கேட்கிறார்கள். பாரிடோன் என்பது யாரும் தனியாகக் கவனிக்காத குரல். அது இல்லாதபோதுதான் ஏதோ குறைகிறதே என்று தெரியும். க்ரோ வாழ்நாள் முழுக்கப் பாடியது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஆளின் சுபாவத்தை இது ஓரளவு சொல்லிவிடுகிறது.

1960களின் தொடக்கத்தில் மார்ட்டினை விட்டு லெக்சிங்டனுக்கே திரும்பினார். எல்லாரும் கன்ட்ரி என்னும் கிராமிய இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போகப் பார்க்கும் காலத்தில் இவர் வீட்டுக்குப் போனார். 'கென்டக்கி மவுண்டன் பாய்ஸ்' என்று குழு சேர்த்து, உள்ளூர் மதுக்கடையில் வாசிக்க ஆரம்பித்தார். மேண்டலினும் கிட்டாரும் வாசித்த டாயில் லாசன், பாடகர் ரெட் ஆலன், ஃபிடிலும் பேஸும் வாசித்த பாபி ஸ்லோன் எல்லாரும் அந்தக் காலத்து ஆட்கள். லெம்கோ என்ற உள்ளூர்க் கம்பெனிக்கு மூன்று இசைத்தட்டுகள் செய்தார்கள். மூன்றும் நல்ல, நேரான ப்ளூகிராஸ். இப்போதைக்குத் தாண்டிப் போகலாம், பிறகு திரும்பி வாருங்கள்.

சரி, ஹோட்டலுக்கு வருவோம்.

1968இல் லெக்சிங்டனின் ஹாலிடே இன் ஹோட்டல் ஒன்றின் லவுஞ்சில் க்ரோ குழுவுக்கு நிரந்தர இடம் கிடைத்தது. வாரத்துக்கு ஐந்து இரவு. இன்றைக்கு இதைக் கேட்டால், பாவம், ஹோட்டலில் வாசித்துப் பிழைத்தார் என்று தோன்றும். அந்தக் காலத்து ப்ளூகிராஸ் வாழ்க்கை எப்படி இருந்தது என்று பார்த்தால் எண்ணம் மாறும். பல நாள் நடக்கும் முதல் ப்ளூகிராஸ் விழா 1965இல் வர்ஜீனியாவின் ஃபின்காசிலில்தான் நடந்தது. அதற்குப் பிறகு விழாக்கள் பெருகின என்றாலும் அவை கோடைக்காலத்து வார இறுதிகள். ஒரு குழு வெள்ளிக்கிழமை வண்டியில் ஏறி 800 கிலோமீட்டர் போய், முக்கால் மணி நேரம் வாசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்பும். திங்கள் முதல் வியாழன் வரை ஆளாளுக்கு வேறு வேலை. ஒத்திகை என்பது வண்டியில் வாசிப்பதுதான்.

க்ரோவின் ஆட்கள் வருடத்தில் 200 இரவுக்கும் மேல் ஒரே மேடையில், ஒரே ஆட்களோடு, பல மணி நேரம் வாசித்தார்கள். கணக்கு அவ்வளவுதான், வேறு ரகசியம் இல்லை. ஒருவர் மூச்சு எடுப்பது இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். அதோடு இன்னொன்றும் உண்டு. லவுஞ்சுக்கு வருபவர்கள் மலைநாட்டுப் பாட்டின் பக்தர்கள் அல்லர். கென்டக்கிப் பல்கலைக்கழக மாணவர்கள், வெளியூர் விற்பனைப் பிரதிநிதிகள், குதிரை வியாபாரத்துக்கு வந்தவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. அவர்களை நாற்காலியில் நிறுத்த வேண்டுமென்றால் வானொலியில் ஓடும் பாட்டும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் குழுவின் பாட்டுப் பட்டியல் அகன்றது. ஒரு கட்டத்தில் வாத்தியங்களை மின்சாரத்தில் செருகினார்கள், டிரம்ஸ் கூட வைத்துப் பார்த்தார்கள். பழைய பெயரை விட்டு 'நியூ சவுத்' என்று மாற்றிக்கொண்டார்கள். மவுண்டன் பாய்ஸ் என்று பெயர் இருந்தால் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள் என்று நினைப்பார்கள் அல்லவா.

டிரம்ஸ் வைத்த அந்தச் சில வருடங்களை நான் கொண்டாடுவதில்லை. ஆனால் அந்தச் சோதனை இல்லாமல் அடுத்தது வந்திருக்காது.

1971இல் டோனி ரைஸ் வந்தார், 20 வயதுக் கிட்டார்க்காரர். அண்ணன் லாரி ரைஸ் ஏற்கெனவே குழுவில் மேண்டலின் வாசித்துக்கொண்டிருந்தார். டோனிக்குக் குரலும் உண்டு, கையும் உண்டு. தாளத்தில் க்ரோ எப்படி உட்காருகிறார் என்பதைத் தினமும் பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டார். பிற்காலத்தில் ப்ளூகிராஸ் கிட்டார் என்றாலே டோனி ரைஸ் என்று ஆனபோது, அவர் வாசிப்பில் எல்லாரும் வியந்த அந்த முன்னே தள்ளாத, பின்னே விழாத தாளம் இந்த லவுஞ்சில் பழகியது. பிறகு கிழக்கு கென்டக்கிக்காரர் ரிக்கி ஸ்காக்ஸ் சேர்ந்தார், மேண்டலின், ஃபிடில், உச்சக் குரல். டோப்ரோ என்ற படுக்கவைத்து வாசிக்கும் கிட்டாரோடு ஒஹையோவிலிருந்து ஜெரி டக்ளஸ். 1975 ஜனவரியில் இவர்கள் ஒரு ஸ்டுடியோவில் கூடியபோது டோனிக்கு 23, ரிக்கிக்கு 20, ஜெரிக்கு 18. க்ரோவுக்கே 37தான். பேஸில் பழைய பாபி ஸ்லோன்.

அந்த இசைத்தட்டுக்குப் பெயர் 'ஜே.டி. க்ரோ அண்ட் த நியூ சவுத்', அவ்வளவுதான். ரவுண்டர் என்ற சிறிய கம்பெனி அதே ஆண்டு வெளியிட்டது. தட்டின் வரிசை எண் 0044. இன்றுவரை ப்ளூகிராஸ்காரர்கள் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'நாற்பத்து நாலு' என்று எண் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு இசைத்தட்டுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்!

அதில் என்ன இருக்கிறது? கனடாக்காரர் கார்டன் லைட்ஃபுட்டின் பாட்டு இரண்டு, இன்னொரு கனடாக்காரர் இயன் டைசனுடையது ஒன்று. ஃபேட்ஸ் டோமினோவின் ராக் அண்ட் ரோல் ஒன்று. பக்கத்திலேயே ஒரு பழைய பக்திப்பாட்டும், ஃபிடில்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாசிக்கும் 'சாலி கூடின்' மெட்டும். லவுஞ்சில் அகன்ற பட்டியல் இது. ஆனால் மின்சாரம் இல்லை, டிரம்ஸ் இல்லை. புதுப் பாட்டைப் பழைய மர வாத்தியங்களில் வாசித்தார்கள். பழமைக்காரர்களும் குறை சொல்ல முடியவில்லை, கல்லூரி மாணவர்களுக்கும் அது தங்கள் இசையாகத் தெரிந்தது.

முதல் பாட்டு 'த ஓல்ட் ஹோம் ப்ளேஸ்'. தில்லர்ட்ஸ் குழுவினர் எழுதியது. க்ரோவின் பாஞ்சோ அதை எடுத்துக் கொடுக்கும் சில நொடிகள்தான் உங்கள் கேள்விக்குப் பதில். ஜி வடிவத்தில் வாசித்தால் அந்தப் பாட்டு ஜி கார்டிலிருந்து (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பி7, அங்கிருந்து சி என்று போகும். பி7 வரும் இடத்தில் ஆறு மாதக்காரர் எல்லாரும் தடுக்கி விழுவோம், நானும் விழுந்தேன். க்ரோ அங்கே மெட்டின் ஸ்வரத்தை மட்டும் துல்லியமாகப் போட்டுவிட்டுப் போகிறார். வேகம் காட்டவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில், தனித்தனியாக நிற்கிறது. அதை எழுதிவைத்து வாசித்தால் ஒரு மாதத்தில் விரலுக்கு வந்துவிடும். அதேபோல் கேட்கவைக்க எத்தனை வருடம் ஆகும் என்று கேட்காதீர்கள்.

அந்தக் குழு அந்த ஆண்டு கோடையில் ஜப்பானுக்குப் போய் வாசித்தது. அந்தப் பயணத்தோடு கலைந்தது. டோனி ரைஸ் கலிஃபோர்னியாவுக்கு, மேண்டலின்காரர் டேவிட் க்ரிஸ்மனோடு சேரப் போனார். ஸ்காக்ஸும் டக்ளஸும் 'பூன் க்ரீக்' என்று தனிக் குழு தொடங்கினார்கள். அதாவது, அந்த இசையின் போக்கையே மாற்றிய குழு அந்த உருவத்தில் சில மாதங்களே இருந்தது. ஸ்காக்ஸ் பிறகு நாஷ்வில்லின் பெரிய நட்சத்திரமானார். டக்ளஸ் டோப்ரோவின் எல்லையையே மாற்றினார். க்ரோ லெக்சிங்டனில் அடுத்த பையனைத் தேடினார்.

கிடைத்த பையன் கீத் விட்லி. அவரும் கிழக்கு கென்டக்கிதான், சாண்டி ஹுக் ஊர். பதின்ம வயதில் ஸ்காக்ஸும் இவரும் ஒன்றாக ரால்ஃப் ஸ்டான்லியின் குழுவில் இருந்தவர்கள். 1970களின் கடைசியில் க்ரோவிடம் வந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் க்ரோவுக்குத் தெரிந்திருக்கும், இது ப்ளூகிராஸ் குரல் அல்ல, கன்ட்ரி குரல் என்று. வேறொருவராக இருந்தால் குரலைத் தன் இசைக்கு வளைத்திருப்பார். இவர் இசையைக் குரலுக்கு வளைத்தார். 1982இல் வந்த 'சம்வேர் பிட்வீன்' தட்டு கிட்டத்தட்ட விட்லியின் தனித்தட்டு மாதிரிதான், பாஞ்சோவைத் தேட வேண்டியிருக்கும். குழுத் தலைவர் தன் வாத்தியத்தையே ஓரம் கட்டியிருக்கிறார். விட்லி அந்தப் படியில் ஏறி நாஷ்வில் போய்ப் பெரும் புகழடைந்தார். 1989இல், 34 வயதில், மது அவரைக் கொண்டுபோய்விட்டது.

இதற்கு நடுவே 1980இல் டோனி ரைஸ் பழைய ஆட்களைக் கூப்பிட்டார்: க்ரோ, டாயில் லாசன், ஃபிடிலுக்கு பாபி ஹிக்ஸ், பேஸுக்கு டாட் ஃபிலிப்ஸ். மன்றோ, ஃப்ளாட் - ஸ்க்ரக்ஸ் காலத்துப் பாட்டுகளை எந்த அலங்காரமும் இல்லாமல் நேராக வாசிப்பது என்று திட்டம். 'ப்ளூகிராஸ் ஆல்பம் பேண்ட்' என்று பெயர் நின்றது. 1981இல் முதல் தட்டு, 1996 வரை மொத்தம் ஆறு. பாஞ்சோ மாணவருக்கு இது புதையல், ஏனென்றால் ஸ்க்ரக்ஸ் வாசித்த அதே பாட்டை க்ரோ வாசிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ரோல் ஒன்று, லிக் என்ற குட்டி ஸ்வரக் கோவையும் ஒன்று, ஆனால் ஆள் வேறு. ஸ்க்ரக்ஸிடம் ஒரு துள்ளல் இருக்கும். க்ரோவிடம் ஒரு கனம் இருக்கும். ஒரே ராகத்தை இரண்டு வீட்டில் கேட்பது போல.

மீதி வருடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஃபயர்பால்' என்ற வாத்திய உருப்படிக்கு 1983ஆம் ஆண்டின் கிராமி விருது. 1980களின் கடைசியில் சில காலம் மேடையிலிருந்து விலகல். 1994இல் புதுப் பையன்களோடு 'ஃப்ளாஷ்பேக்' தட்டு. சர்வதேச ப்ளூகிராஸ் சங்கத்தின் சிறந்த பாஞ்சோ கலைஞர் விருது 1994இலும் 2004இலும், இடையில் 2003இல் அவர்களுடைய கௌரவப் பட்டியலில் இடம். கிப்சன் நிறுவனம் அவர் பெயரிலேயே ஒரு பாஞ்சோ வகையை வெளியிட்டது. 2012இல் கென்டக்கிப் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது, அவர் வாசித்த லவுஞ்சில் உட்கார்ந்து கைதட்டிய மாணவர்களின் அதே பல்கலைக்கழகம். அந்த ஆண்டோடு ஊர் ஊராகச் சுற்றி வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். டோனி ரைஸ் 2020 டிசம்பர் 25 அன்று இறந்தார். க்ரோ 2021 டிசம்பர் 24 அன்று, 84 வயதில். ஒரு வருடத்துக்கு ஒரு நாள் குறைவு. 2024இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் அந்த நாற்பத்து நாலைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது உங்கள் விரல்களுக்கு வருவோம். வேகக்காரர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மார்ட்டினோடு வாசித்த பழைய பதிவுகளைக் கேட்டால் அந்தச் சந்தேகம் போய்விடும். வேகம் இருந்தது, காட்டவில்லை. 1963இல் பில் கீத் என்பவர் மன்றோவின் குழுவுக்கு வந்து, ஃபிடில் மெட்டின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பாஞ்சோவில் ஏணி ஏறுவது போல வரிசையாக வாசிக்கும் புதுப் பாணியைப் பிரபலமாக்கினார். இளைஞர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். க்ரோ ரோலை விடவில்லை. காரணம் தாளம்தான். வரிசையாக ஸ்வரம் போடும்போது அந்த 3, 3, 2 உடைந்துவிடும், பாட்டைப் பின்னாலிருந்து தள்ளும் விசை குறைந்துவிடும். தனி ஆவர்த்தனத்துக்கு கீத் பாணி அழகு. பாடகருக்குப் பின்னால் நிற்க ரோல்தான் வேண்டும் என்பது என் கட்சியும்.

இரண்டாவது, கையின் இடம். பாஞ்சோவில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் மீட்டினால் தகரம் போலக் கூரான ஒலி. கழுத்தை நோக்கி நகர நகர ஒலி உருண்டு, இனிமையாகும். க்ரோ பாட்டுக்கு நடுவிலேயே கையை முன்னும் பின்னும் நகர்த்துவார். பாடகர் பாடும்போது உள்ளே, தன் முறை வரும்போது குதிரைப் பக்கம். ஒலிபெருக்கிக்காரர் செய்யவேண்டிய வேலையைக் கையாலேயே செய்துவிடுவார். ஐந்து இரவு லவுஞ்சில், சாப்பாட்டுத் தட்டுச் சத்தத்துக்கு நடுவே வாசித்தவருக்கு இந்தப் பழக்கம் வராமல் போகுமா?

மூன்றாவது, மெதுவான பாட்டு. பாஞ்சோவின் ஸ்வரம் தோன்றிய வேகத்தில் அடங்கிவிடும், ஃபிடில் மாதிரி இழுக்க முடியாது. அதனால் மெதுவான பாட்டு வந்தால் பல பாஞ்சோக்காரர்கள் பயந்து நிறைய ஸ்வரம் கொட்டுவார்கள். நாற்பத்து நாலில் 'ராக் சால்ட் அண்ட் நெய்ல்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, சோகமான, நிதானமான பாட்டு. அதைக் கேட்டால் எங்கே வாசிக்காமல் இருப்பது என்பதும் ஒரு பாடம் என்று தெரியும்.

உங்களுக்கு என் யோசனை: முதலில் நாற்பத்து நாலு முழுவதும் ஒரு தடவை, வேறு வேலை இல்லாமல். பிறகு ப்ளூகிராஸ் ஆல்பம் பேண்டின் முதல் தட்டு. மார்ட்டினோடு வாசித்தவை மூன்றாவதாக. அவருடைய சொந்த உருப்படி 'ப்ளாக்ஜாக்' கடைசியில், அதைக் கற்க இன்னும் ஒரு வருடம் போகட்டும். வாசித்துப் பழகும்போது மெட்ரோனோமை உங்களுக்கு எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக வையுங்கள். இரண்டாவது தடவை நாற்பத்து நாலைக் கேட்கும்போது பாஞ்சோ தனியாக முழங்கும் இடங்களை விட்டுவிடுங்கள், அவை எப்படியும் காதில் விழும். டோனி ரைஸ் ஒரு வரியைப் பாடி முடித்து மூச்சு வாங்கி அடுத்த வரியை எடுப்பதற்குள் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே காதை வையுங்கள். க்ரோ அங்கேதான் இருப்பார்.